கறுப்போடு கறுப்பு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் பழகியவர்கள் மனப்பாடம் செய்த விதி ஒன்று உண்டு: கறுப்போடு கறுப்பு. பவர் சப்ளையிலிருந்து மதர்போர்டுக்கு வரும் மின்சாரம் அப்போது பி8, பி9 என்று இரண்டு தனித்தனிச் செருகிகளாக வந்தது. இரண்டும் ஒரே அளவு. பக்கம்பக்கமாகச் செருகும்போது இரண்டின் கறுப்புக் கம்பிகளும் நடுவில் சேர வேண்டும். இடம் மாறினால் போர்டு கருகிப்போகக்கூடும். அதைத் தடுக்கச் செருகியில் உறுதியான ஏற்பாடு எதுவும் இல்லை. அசெம்பிள் செய்பவரின் கவனம் ஒன்றுதான் காவல்.

இன்று கைக்காசைச் சேர்த்து முதல் கேமிங் கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்யும் கல்லூரி மாணவருக்கு இந்த ஆபத்து இல்லை. ஆனால் ‘இது அதோடு சேருமா?’ என்ற கேள்வி மட்டும் போகவில்லை. இந்த பிராசசருக்கு எந்த போர்டு, இந்த போர்டுக்கு எந்த ராம், இந்த கிராபிக்ஸ் கார்டுக்கு எத்தனை வாட் என்று அவர் குறித்துக்கொள்ளும் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும், நிறுவனங்கள் கைகோத்த கதையோ முட்டிக்கொண்ட கதையோ இருக்கிறது.

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை அறிவித்தது. ஃபுளோரிடாவின் போகா ரேட்டன் நகரில் டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் இயங்கிய குழுவுக்கு நேரம் குறைவு. எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்யும் ஐபிஎம்மின் வழக்கத்தை விட்டுவிட்டு, வெளிச்சந்தையில் கிடைத்த பாகங்களை வாங்கிக் கோத்தார்கள். பிராசசர் இன்டெலின் 8088, இயங்குதளம் மைக்ரோசாஃப்டுடையது. கூடுதல் கார்டுகளுக்காக போர்டில் ஐந்து ஸ்லாட்டுகள். மின்சுற்று வரைபடங்களோடு ஒரு தொழில்நுட்பக் கையேட்டையும் விற்பனைக்கு வைத்தார்கள். அதைப் படித்து யார் வேண்டுமானாலும் அந்த ஸ்லாட்டில் பொருந்தும் கார்டு செய்யலாம். செய்தார்கள்.

பூட்டியிருந்த கதவு ஒன்றே ஒன்று: பயாஸ். கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் அந்தச் சிறு நிரல் ஐபிஎம்மின் பதிப்புரிமைக்கு உட்பட்டது. காம்பாக் நிறுவனம் அதற்கு நேர்மையான ஒரு வழி கண்டது. ஒரு குழு பயாஸ் என்னென்ன வேலை செய்கிறது என்று எழுதிக்கொடுத்தது; மூல நிரலைக் கண்ணால் பார்த்திராத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை மட்டும் வைத்துப் புதிதாக எழுதியது. 1983இல் காம்பாக் போர்ட்டபிள் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஃபீனிக்ஸ் டெக்னாலஜிஸ் இதே முறையில் எழுதிய பயாஸை, கேட்ட நிறுவனங்களுக்கெல்லாம் விற்கத் தொடங்கியது. உதிரிபாகம் வாங்கி, ஐபிஎம்மின் கம்ப்யூட்டருக்கு இணையான ஒன்றை யாரும் உருவாக்கலாம் என்ற நிலை அதன்பிறகுதான் வந்தது. சென்னை ரிச்சி தெருவில் பின்னாளில் குவிந்த ‘அசெம்பிள்டு’ கம்ப்யூட்டர்களுக்கும் வேர் அங்கேதான்.

கை நழுவிய சந்தையைப் பிடிக்க ஐபிஎம் 1987இல் முயன்றது. பிஎஸ்/2 வரிசையில் மைக்ரோ சேனல் என்ற புது ஸ்லாட்டைக் கொண்டுவந்து, பயன்படுத்த விரும்புவோர் உரிமத் தொகை கட்ட வேண்டும் என்றது. பழைய கார்டு எதுவும் அதில் பொருந்தாது. 1988இல் காம்பாக் உட்பட ஒன்பது நிறுவனங்கள் சேர்ந்து, பழைய கார்டுகளையும் ஏற்கும் இஐஎஸ்ஏ என்ற மாற்றை அறிவித்தன. இஐஎஸ்ஏவும் பெரிதாகப் பரவவில்லை. ஆனால் மைக்ரோ சேனல் தோற்றது. பொருந்தாத ஒன்றை வாங்க மக்கள் தயாராக இல்லை.

1995இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் அளவுமுறை, பி8, பி9 தொல்லைக்கு முடிவு கட்டியது. இரண்டு செருகிகள் ஒன்றாயின. 20 பின்கள் கொண்ட அந்த ஒற்றைச் செருகி, திருப்பிப் போட்டால் உள்ளே போகாது. போர்டின் அளவு 305க்கு 244 மில்லிமீட்டர் என்றும், திருகுத் துளைகள் எங்கே என்றும் வரையறுத்தார்கள். இன்று ஒரு நிறுவனத்தின் கேபினெட்டில் இன்னொரு நிறுவனத்தின் போர்டு அளவெடுத்தாற்போல் உட்காருவது அதனால்தான். 1997இல் வந்த மைக்ரோ ஏடிஎக்ஸ், 244 மில்லிமீட்டர் சதுரம், இன்றும் குறைந்த செலவில் அசெம்பிள் செய்பவர்களின் வழக்கமான தேர்வு.

பெட்டியில் ஒற்றுமை வந்த அதே காலத்தில் பிராசசரில் பிளவு வந்தது. சாக்கெட் 7 என்ற ஒரே பொருத்தியில் இன்டெல் பென்டியமும் உட்காரும், ஏஎம்டியின் கே6உம் உட்காரும், சைரிக்ஸ் நிறுவனத்தின் பிராசசரும் உட்காரும். போர்டை மாற்றாமலேயே நிறுவனத்தை மாற்றலாம். 1997இல் பென்டியம் 2 வந்தபோது இன்டெல் ஸ்லாட் 1 என்ற தனிவழிக்குப் போனது. 1999இல் ஏஎம்டியின் ஆத்லான், ஸ்லாட் ஏ என்ற பெயரில் அதே வடிவப் பொருத்தியையே எடுத்துக்கொண்டது. ஆனால் தலைகீழாகத் திருப்பி வைத்தது. பார்வைக்கு ஒன்று, மின்சார வழியில் வேறு. அன்று பிரிந்த பாதைகள் இன்றுவரை சேரவில்லை. அதனால்தான் இன்டெலா, ஏஎம்டியா என்று முடிவு செய்த பிறகே போர்டைத் தேட முடிகிறது.

விளையாட்டுக்காரர்கள் இந்த வரலாற்றில் தங்கள் பங்கைச் சேர்த்தார்கள். 1996இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டு வந்தது. அது முப்பரிமாணக் காட்சியை மட்டும் வரையும்; சாதாரணத் திரைக்கு இன்னொரு கார்டு வேண்டும், இரண்டையும் வெளியே ஒரு கேபிளால் இணைக்க வேண்டும். 1998 ஆகஸ்டில் இன்டெல் ஒரே நாளில் வெளியிட்ட பிராசசர்களில் இரண்டு: 669 டாலருக்கு 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2, 149 டாலருக்கு 300 மெகாஹெர்ட்ஸ் செலரான் 300ஏ. செலரானின் பெருக்கி 4.5, போர்டின் வேகம் 66 மெகாஹெர்ட்ஸ். அந்த 66ஐ 100 ஆக்கினால் 450 வந்துவிடும். 440பிஎக்ஸ் சிப்செட் கொண்ட ஏபிட் பிஎச்6 போன்ற போர்டுகளில் பயாஸ் திரையிலேயே இதை மாற்றலாம். சரியான போர்டைத் தேர்ந்தெடுத்தால் கால்வாசி விலையில் உச்ச வேகத்தை எட்ட முடியும் என்பதைச் செலவைப் பார்த்து வாங்குபவர்கள் அன்று கண்டுகொண்டார்கள். பொருத்தம் பார்ப்பது வெறும் எச்சரிக்கையாக மட்டும் இல்லாமல், ஒரு கலையாகவும் ஆனது.

எண்ணைப் பார்த்து ஏமாந்தவர்களும் உண்டு. இன்டெலின் ஆறாம், ஏழாம் தலைமுறைகளுக்கான எல்ஜிஏ 1151 சாக்கெட்டில் 1151 தொடுபுள்ளிகள். 2017இல் வந்த எட்டாம் தலைமுறைக்கும் அதே பெயர், அதே எண்ணிக்கை. ஆனால் அதற்கு 300 வரிசை சிப்செட் போர்டுதான் வேண்டும். பழைய போர்டில் ஓடாது. கூடுதல் கோர்களுக்கு மின்சாரம் போகும் வழி மாறிவிட்டது என்று இன்டெல் விளக்கம் சொன்னது. ராமிலும் இதே நிலை. டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 பின். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின். ஒன்றின் இடத்தில் இன்னொன்று நுழையாமல் தடுப்பது, நடுவே இடம் மாற்றி வெட்டியிருக்கும் அந்தச் சிறு பள்ளம்தான்.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் எதிர்த்திசையில் போனது. 2017இல் ரைசன் அந்தச் சாக்கெட்டில்தான் அறிமுகமானது. அடுத்து வந்த தலைமுறைகளில் சாக்கெட் மாறாவிட்டாலும் பயாஸ் பழையதாக இருந்தால் புது பிராசசர் எழுந்திருக்காது. பயாஸைப் புதுப்பிக்கவோ ஓடுகிற பிராசசர் ஒன்று வேண்டும். இந்தச் சிக்கலில் மாட்டியவர்களுக்கு 2018இல் ஏஎம்டி ஒரு பழைய பிராசசரை இரவல் அனுப்பிவைத்தது. பிராசசரே இல்லாமல் யுஎஸ்பி டிரைவிலிருந்து பயாஸைப் புதுப்பிக்கும் வசதி பின்னர் பல போர்டுகளில் வந்தது. 2020 மே மாதம், அடுத்த தலைமுறை ரைசன் 400 வரிசை போர்டுகளில் ஓடாது என்று ஏஎம்டி அறிவித்தபோது வாங்கியவர்கள் கொந்தளித்தார்கள். அந்த மாதமே நிறுவனம் முடிவை மாற்றிக்கொண்டது. 2022இல் அவற்றுக்கு முந்தைய 300 வரிசை போர்டுகளுக்கும் கதவு திறந்தது.

கிராபிக்ஸ் கார்டின் கணக்கு இதைவிட எளிது. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தானாக 75 வாட் வரை தரும். 6 பின் கேபிள் இன்னொரு 75, 8 பின் கேபிள் 150. 2014இல் வந்த என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 750 டிஐ 60 வாட்டிலேயே ஓடியதால், தனிக் கேபிள் இல்லாத பழைய அலுவலகக் கம்ப்யூட்டர்களும் விளையாட்டுக்குத் தயாராயின.

இன்று முதன்முறை வாங்குபவருக்கு இந்த நாற்பது ஆண்டுகள் சில வரிகளில் சுருங்கிக் கிடைக்கின்றன. இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் ஒரே பிராசசருக்கு டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. எது என்று பார்த்தே ராம் வாங்க வேண்டும். ஏஎம்டியின் அடுத்த சாக்கெட்டான ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டும்தான். ஏஎம்4 என்றால் டிடிஆர்4. 2017இல் பி350 போர்டு வாங்கியவர், அந்த போர்டைச் செய்த நிறுவனத்தின் பிராசசர் பட்டியலில் பெயர் இருந்தால், பயாஸைப் புதுப்பித்துவிட்டு 2024 ஜனவரியில் வெளிவந்த ரைசன் 7 5700எக்ஸ்3டியை அதே சாக்கெட்டில் பொருத்தலாம். ராமையும் கேபினெட்டையும் மாற்ற வேண்டியதில்லை.