கூப்பனைக் கைவிட்ட நகரம்

1950களிலிருந்து சீன நகரங்களில் அரிசி, எண்ணெய், துணி வாங்கப் பணம் மட்டும் போதவில்லை, அரசின் பங்கீட்டுக் கூப்பனும் வேண்டியிருந்தது. அது குடும்பப் பதிவு இருந்த ஊரோடு பிணைக்கப்பட்டிருந்தது.

1980இல் ஹாங்காங் எல்லையை ஒட்டிய ஷென்சென் சிறப்புப் பொருளாதார மண்டலமானது. ஆலை வேலை தேடிக் கிராமத்து இளைஞர்கள், குறிப்பாக இளம்பெண்கள், திரண்டு வந்தார்கள். கையில் கூலி இருந்தது. உள்ளூர்க் கூப்பன் இல்லை.

1984இல், நாட்டிலேயே முதலாவதாக, ஷென்சென் கூப்பன் முறையைக் கைவிட்டது. வானுயர்ந்த கட்டடங்களைவிட இதுவே அந்நகரின் உண்மையான திருப்புமுனை. எந்த ஊரிலிருந்து வந்தவரும் காசு கொடுத்து வாங்கலாம் என்றான பிறகே அங்கே நுகர்வோர் சந்தை வேர்பிடித்தது.

1990இல் சீனப் பெருநிலத்தின் முதல் மெக்டொனால்ட்ஸ் உணவகம் அங்கேதான் திறந்தது. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 1.75 கோடி; அவர்களில் பெரும்பாலோருக்கு அந்நகரின் குடும்பப் பதிவு அப்போதும் கிடைத்திருக்கவில்லை.