இன்டர்செக்ட், எக்செப்ட் பிறந்த கதை

ஒரு நிறுவனத்தின் கணக்கு மென்பொருளில் 101, 205 என்று இரண்டு பயனர்கள். 101-க்கு பில் பதிவு, அறிக்கை பார்த்தல், பணம் விடுவித்தல் என மூன்று ரோல்கள். 205-க்கு பில் பதிவு, அறிக்கை பார்த்தல், புது சப்ளையர் சேர்த்தல். இருவருக்கும் பொதுவானவை எவை, ஒருவரிடம் மட்டும் இருப்பவை எவை என்று ஆடிட்டர் கேட்கிறார். எஸ்.க்யூ.எல். மொழியில் 101-இன் ரோல்களை எடுக்கும் ஒரு செலக்ட், 205-இன் ரோல்களை எடுக்கும் இன்னொரு செலக்ட், நடுவே இன்டர்செக்ட். பொதுவான இரண்டும் வந்துவிடும். அதே இடத்தில் எக்செப்ட் போட்டால் பணம் விடுவித்தல் மட்டும் மிஞ்சும்.

1960-களின் கடைசியில் இதே கேள்விக்குத் தனியாக ஒரு நிரலே எழுத வேண்டியிருந்தது. ஐ.பி.எம்.மின் ஐ.எம்.எஸ். போன்ற அமைப்புகளில் தரவு மரக்கிளைகளாக அடுக்கப்பட்டிருந்தது. நிரலர் ஒவ்வொரு கிளையாக இறங்கி, ஒவ்வொரு பதிவாக எடுத்து ஒப்பிட வேண்டும். அடுக்கு மாறினால் நிரலும் மாறும்.

இதை மாற்றியவர் எட்கர் காட். இங்கிலாந்தில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் படித்து, இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டி, பிறகு அமெரிக்காவில் ஐ.பி.எம்.மில் சேர்ந்தவர். சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது 1970 ஜூனில் அவர் வெளியிட்ட கட்டுரை, அட்டவணையைக் கணிதத்தின் கணமாகவே பார்த்தது. பள்ளியில் நாம் படித்த சேர்ப்பு, வெட்டு, வித்தியாசம் எல்லாம் அட்டவணைகளுக்கும் அப்படியே பொருந்தும். தரவு எங்கே, எந்த வரிசையில் கிடக்கிறது என்பது கேட்பவரின் கவலை அல்ல. என்ன வேண்டும் என்று சொன்னால் போதும். கணினித் துறையில் இதைவிடப் பெரிய விடுதலை பயனருக்குக் கிடைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

காட் எழுதியது கணிதக் குறியீடுகளில். அதைச் சாதாரண ஆங்கிலச் சொற்களுக்குக் கொண்டுவந்தவர்கள் அதே ஆய்வுக்கூடத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும். 1974-இல் அவர்களின் 'சீக்வெல்' மொழி வெளிவந்தது; பின்னாளில் எஸ்.க்யூ.எல். ஆனது இதுதான். பாய்ஸ் அதே ஆண்டில் இளம் வயதிலேயே இறந்துபோனார். 1976-இல் வந்த இரண்டாம் வடிவத்தில் யூனியன், இன்டர்செக்ட், மைனஸ் மூன்றும் இருந்தன. ஆனால் 1986-இன் முதல் எஸ்.க்யூ.எல். தரநிலை யூனியனை மட்டும்தான் ஏற்றது. மற்ற இரண்டும் 1992-இல்தான் நுழைந்தன. மைனஸ் அங்கே எக்செப்ட் ஆனது. ஆரக்கிள் தரவுத்தளத்தில் பழைய பெயரே வெகுகாலம் நின்றது.

அதே 1992-இல் டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் குன்னும் அமெரிக்கத் தரநிலை நிறுவனத்திலிருந்து ரோல்கள் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அனுமதியை ஆளுக்குத் தராமல் ரோலுக்குத் தா, ஆளை ரோலில் சேர் என்பது அதன் சாரம். புது சப்ளையரைச் சேர்ப்பவரே அந்தச் சப்ளையருக்குப் பணமும் விடுவித்தால் மோசடிக்கு வழி திறந்துவிடும். அப்படி இரண்டு ரோலும் வைத்திருப்பவர்களைத் தேடுவதும் ஓர் இன்டர்செக்ட்தான். இம்முறை ரோல்களுக்குப் பதில் பயனர் எண்களை எடுக்க வேண்டும், அவ்வளவே.

எக்செப்டில் திசை முக்கியம். 101-இலிருந்து 205-ஐக் கழித்தால் ஒரு விடை, திருப்பிக் கழித்தால் வேறு விடை. இரண்டு பக்கமும் கழித்து இரண்டும் காலியாக வந்தால்தான் இருவரின் ரோல்களும் ஒன்று என்று சொல்லலாம். ஒரு பக்கம் மட்டும் பார்த்து ஆடிட்டருக்குப் பதில் சொல்லிவிடக் கூடாது.

மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் இன்டர்செக்ட், எக்செப்ட் இரண்டையும் 2022-இல், 8.0.31 பதிப்பில்தான் சேர்த்தது. அதுவரை பலரும் நாட் இன் எழுதிச் சமாளித்தார்கள். அதில் ஓர் ஆபத்து உண்டு: உள்ளே இருக்கும் பட்டியலில் ஒரே ஒரு நல் (வெற்று மதிப்பு) இருந்தாலும் விடை மொத்தமும் காலியாகிவிடும். வித்தியாசமே இல்லை என்று திரை காட்டும், உண்மையில் பணம் விடுவிக்கும் அனுமதி ஒருவரிடம் கூடுதலாக இருக்கும். எக்செப்டில் இந்தச் சிக்கல் இல்லை. பழைய பதிப்பில் ஓடும் சர்வர்களில் நாட் எக்சிஸ்ட்ஸ் எழுதுவதே பத்திரம்.