வீடு கட்டப் போன சபைகள்: ஒண்டுராஸில் குறுகிய கால மிஷன் பணி

1. ஆய்வின் எல்லை

அமெரிக்கச் சபைகளிலிருந்து ஓரிரு வாரம் வெளிநாடு சென்று ஊழியம் செய்து திரும்புவோர் ஆண்டுக்கு ஏறத்தாழ 16 லட்சம் பேர் என்பது சமூகவியலாளர் ராபர்ட் வுத்னோ 2005-ஆம் ஆண்டு நிலையை வைத்துச் செய்த மதிப்பீடு. மருத்துவ முகாம், சிறுவர் வேதாகம வகுப்பு, கட்டுமானம் என இப்பணி பலவகைப்படும். இங்கே எடுத்துக்கொண்டது வீடு கட்டும் பணி ஒன்றே. போனவர்கள் அடைந்த பயனைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. வீட்டைப் பெற்றவர்களின் பக்கமிருந்து அதை அளந்து பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

2. மிட்ச் புயல்

1998 அக்டோபர் இறுதியில் மிட்ச் புயல் மத்திய அமெரிக்காவின் மேல் நாட்கணக்கில் மெல்ல ஊர்ந்தபடி மழையைக் கொட்டியது. 11,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒண்டுராஸே அதிகம் இழந்தது. தலைநகர் டெகுசிகல்பாவில் சோலுடெகா ஆறு கரை மீறிக் குடியிருப்புகளை அடித்துச் சென்றது. வட அமெரிக்கச் சபைகள் பணத்தோடு ஆட்களையும் அனுப்பின.

3. குழுவின் செலவும் வீட்டின் செலவும்

அப்போது கால்வின் கல்லூரிப் பேராசிரியராக இருந்தவரும் ஒண்டுராஸிலேயே நெடுங்காலம் வாழ்ந்தவருமான கர்ட் வெர் பீக், வெளிநாட்டுக் குழுக்கள் கட்டிய வீடுகளையும் உள்ளூர்க்காரர்கள் கட்டிய வீடுகளையும் ஒப்பிட்டார். குடியேறிய குடும்பங்களோடு பேசினார். 2006-இல் அவர் கட்டுரை வெளியாயிற்று. ஒரு வீட்டுக்கு ஆன செலவு ஏறத்தாழ 2,000 டாலர். ஒரு குழு வந்து திரும்ப ஆனது ஏறத்தாழ 30,000 டாலர். கட்டியவர் யார் என்பதால் குடும்பங்களின் வாழ்விலோ விசுவாசத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் அவர் காணவில்லை.

ஒரு பயணச் செலவுக்குப் 15 வீடுகள். இந்த எண்ணை எளிதில் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. கூரையில்லாத 15 குடும்பங்கள் அதற்குள் இருக்கின்றன. கூலியின் கணக்கும் உண்டு. வாழைத் தோட்டங்கள் அழிந்து உழைப்பாளிகள் வேலையின்றி நின்ற காலம் அது. சுவர் எழுப்பத் தெரிந்த கைகளுக்கு அந்நாட்டில் பஞ்சமில்லை. அந்தக் கைகளுக்குக் கொடுக்கப் பணம்தான் இல்லை. கரணை பிடித்தே அறியாத கல்லூரி மாணவர் சாரத்தில் ஏறும்போது, ஒரு கொத்தனார் வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய கூலி விமானச் சீட்டாக மாறிவிடுகிறது.

4. சாட்சியும் காணிக்கையும்

திரும்பி வந்தவர்கள் ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்கிறார்கள். அவர்களுடைய கண்ணீரை நான் ஐயுறவில்லை. அந்த உருக்கம் எவ்வளவு காலம் நிற்கிறது என்பதே கேள்வி. காணிக்கை கொடுப்பது தங்களிடம் கூடியிருப்பதாகப் பலர் வெர் பீக்கிடம் கூறினர். அனுப்பிய அமைப்பின் வரவுப் பதிவேடுகளில் அதற்கேற்ற உயர்வு இல்லை. ஊர் திரும்பியபின் அவர்களைத் தொடர்ந்து தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடு இல்லாமையை அவர் காரணமாகக் காட்டினார். இது பொருந்துகிறது. ஒரு வார நெகிழ்ச்சி ஆண்டுக்கணக்கான பழக்கமாவதற்குச் சபை கூடவே நடந்துவர வேண்டும்.

5. இரு மறுப்புகள்

பயணம் இல்லாவிட்டால் அந்த 30,000 டாலர் திரண்டிருக்காது என்பது வலுவான மறுப்பு. தம் சபைப் பிள்ளை போகிறான் என்பதால்தான் பலர் கொடுக்கிறார்கள். உண்மைதான். ஆனால் அது கொடுப்பவரின் இயல்பைச் சொல்கிறதே ஒழியப் பெறுபவரின் தேவையைச் சொல்லவில்லை. அந்த இயல்பை மாற்றக் கற்பிப்பதும் போதகரின் வேலைதான்.

எதிர்முனையில் நிற்பவர் இவான் இலிச். 1968 ஏப்ரலில், மெக்சிகோவுக்குத் தொண்டு செய்ய முனைந்த அமெரிக்க மாணவர்களிடம், பார்க்கவும் படிக்கவும் வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்ற பொருளில் இந்தக் கத்தோலிக்கக் குரு கடுமையாகப் பேசினார். அழைக்காமல் வந்து நன்மை செய்வதில் ஆதிக்கம் உண்டு என்ற அவர் வாதத்தை ஏற்கிறேன். அழைத்தபின் வருவோரையும் அதே தட்டில் வைப்பதை ஏற்க இயலவில்லை.

6. பயணம் தகும் இடம்

1978-இல் தொடங்கிய மெர்சி ஷிப்ஸ் என்னும் கிறிஸ்தவ அமைப்பு மருத்துவக் கப்பல்களை ஆப்பிரிக்கத் துறைமுகங்களுக்கு அனுப்புகிறது. தொண்டர்கள் தம் செலவைத் தாமே ஏற்கிறார்கள். அறுவை மருத்துவர் அரிதான இடத்துக்கு அவரே போவதற்கு நியாயம் உண்டு; உள்ளூர் மருத்துவர்களுக்குப் பயிற்சியும் அங்கே அளிக்கப்படுகிறது. கட்டுமானக் குழுக்களையும் இந்த அளவையால் பார்க்க வேண்டும்: அவர்கள் கொண்டுபோகும் திறன் அங்கே இல்லாததா? அழைத்தது உள்ளூர்ச் சபைதானா? பயணத்துக்குக் காணிக்கை கேட்கும் மிஷன் குழு, மொத்தச் செலவையும், அதே தொகையில் உள்ளூர்க் கொத்தனார்கள் கட்டக்கூடிய வீடுகளின் எண்ணிக்கையையும் ஒரே தாளில் எழுதிச் சபையார் முன் வைக்க வேண்டும். அதே தாள் பெறும் ஊரின் சபைக்கும் போக வேண்டும். ஆட்கள் வேண்டாம், பணத்தை அனுப்புங்கள் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருக்க வேண்டும்.