பட்டறைக் கூலியின் நியாயம்

மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில், மலையடிவாரத்தில், அடுத்தடுத்து அமைந்த இரண்டு ஊர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரும் இராசபாளையமும். முன்னது ஆண்டாள் கோயிலால் புகழ் பெற்றது; பின்னது பஞ்சாலைகளால் வளர்ந்தது. இராசபாளையம் மில்லை பி. ஏ. சி. ராமசாமி ராஜா நிறுவிய ஆண்டு 1936. பஞ்சு வரவும் நூல் போகவும் வண்டி வேண்டும். வண்டி ஓடினால் பழுது உண்டு. பழுது உண்டாயின் பட்டறையும் உண்டு. அப்பட்டறையில் எழும் வழக்கு ஒன்றே: "இந்த வேலைக்கு இவ்வளவு கூலியா?"

மாணவர்களே, இவ்வழக்கு மோட்டார் வண்டியோடு பிறந்ததன்று. கைவினைஞரைப் பற்றிய சட்டதிட்டங்களை அர்த்தசாத்திரத்தின் நான்காம் அதிகரணம் விரிவாகக் கூறுகிறது. குறித்த காலத்தில் வேலையை முடிக்காதவன் கூலியில் காற்பங்கை இழப்பான்; தண்டமும் செலுத்துவான். செம்பு வேலைக்கு நூற்றுக்கு 5 கூலி. உருக்கும்போது செம்பில் பத்தில் ஒரு பங்கு குறைவது இயல்பு. அதற்கு மேல் குறைந்தால் குறைந்ததைப் போல் இருமடங்கு தண்டம். பொன், வெள்ளி வேலையில் தனித்திறன் காட்டியவனுக்கோ கூலி இருமடங்கு. பொருள் வேறு, உழைப்பு வேறு, திறன் வேறு என்று பிரித்துப் பார்த்த தெளிவு இங்கே விளங்குகிறது.

நம் காலத்துக்கு வருவோம். 1948இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது. பொது மோட்டார் போக்குவரத்துத் தொழிலும் அதன் முதல் அட்டவணையிலேயே இடம் பெற்றது. மறு ஆண்டு சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகப் பொறுப்பேற்றவர் இராசபாளையத்துப் பி. எஸ். குமாரசுவாமி ராஜா. 1957இல் கூடிய இந்தியத் தொழிலாளர் மாநாடு கூலிக்கு ஓர் அளவுகோல் வகுத்தது: உழைப்பவரையும் சேர்த்து மூன்று பேருக்குரிய உணவு, நால்வர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள், விளக்கு முதலியவை. குழந்தைகளின் கல்வி, மருத்துவம் முதலியவற்றுக்கும் இடம் வேண்டுமென்று 1991இல் உச்ச நீதிமன்றம் சேர்த்துரைத்தது.

ஆயினும் இங்கே ஓர் இடைவெளி உண்டு. பிறரிடம் வேலை பார்ப்பவருக்கே சட்டம் கூலி விதித்தது. தன் பட்டறையில் தானே ஸ்பேனர் பிடிக்கும் மெக்கானிக் எவருக்கும் கூலியாள் அல்லர். அவர் கூலியை அவரே கணக்கிட வேண்டும். அக்கணக்கு எவ்வாறு?

பட்டறை நாளொன்றுக்கு 8 மணி நேரம் திறந்திருக்கிறது; அதில் கூலி பெறும் வேலை 5 மணி நேரமே நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாடகை, மின்சாரம், கருவித் தேய்மானம், உதவியாளர் சம்பளம், வீட்டுச் செலவு எல்லாம் சேர்த்து நாளுக்கு 2,000 ரூபாய் தேவை. எட்டால் வகுத்தால் மணிக்கு 250 ரூபாய்; ஐந்தால் வகுத்தால் 400 ரூபாய். நியாயமான கூலி பின்னதே. வண்டிக்காகக் காத்திருந்த நேரமும், பழுது எங்கே என்று தேடிய நேரமும் செலவில்லாமல் கழிவதில்லை. டிங்கர் வேலையில் நசுங்கிய தகட்டைத் தட்டி நேராக்குவதோ, புதுத் தகடு வைப்பதோ எது சிக்கனம் என்று அறிவதும் திறனே. அதற்கும் விலை உண்டு.

இக்கணக்கை அறியாமல், "பாதி கொடுத்தால் போதும்" என்று பேரம் பேசி வெல்பவர் உண்மையில் வெல்வதில்லை. குறைத்த பணம் எங்கிருந்தேனும் ஈடு செய்யப்பட வேண்டும். மட்டமான உதிரிப்பாகத்திலோ, அரைகுறை வேலையிலோ, பட்டறையின் கடைநிலை உதவியாளர் வயிற்றிலோ அது கழிக்கப்படும். தொழில் கற்க வந்த இளைஞனுக்குச் சம்பளமில்லையேல், அடுத்த தலைமுறைக்கு மெக்கானிக்கும் இல்லை.

பட்டறைக்காரருக்கும் கடமை உண்டு. வேலை தொடங்கும் முன் மதிப்பீடு சொல்ல வேண்டும். சீட்டில் சாமான் விலையையும் வேலைக்கூலியையும் தனித்தனியே எழுத வேண்டும். கழற்றிய பழைய பாகத்தை வண்டிக்காரர் கண்ணில் காட்ட வேண்டும். எதிர்பாராத பழுது தெரிந்தால் கேட்டபின்பே கைவைக்க வேண்டும்.

மிகக் குறைந்த கூலி நியாயக் கூலி அன்று. வழியில் நின்ற வண்டிக்காரரின் அவசரத்தை அளந்து வாங்கும் கூலியும் நியாயக் கூலி அன்று. கேட்பவர் கணக்குக் காட்டக் கூடியதும், கொடுப்பவர் அதைப் படித்துப் பார்க்கக் கூடியதுமான கூலியே நியாயக் கூலி. செம்பை நிறுத்துக் கொடுத்து நிறுத்து வாங்கிய காலத்தின் நீதி, இன்றைய பட்டறைச் சீட்டுக்கும் பொருந்தும்.