ஒரு மில்லி செகண்ட், ஓர் அடி

ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் உட்காருவேன். முதல் வேலை, ஃபேனை நிறுத்துவது. மே மாதத்தில் இது பைத்தியக்காரத்தனம் என்று வீட்டில் சொல்கிறார்கள், சரிதான். ஆனால் ஃபேனின் உறுமலும் பாஸூன் மெல்ல ஊதும் கீழ் ஸ்வரமும் காதில் ஒரே இடத்துக்குத்தான் சண்டை போடுகின்றன. கோடம்பாக்கத்து ரெக்கார்டிங் தியேட்டர் ஒன்றில் கேபிள் சுருட்டி, மைக் நிறுத்தி ஓய்வு பெற்றவன் நான். இப்போது ஒரு லேப்டாப்பையும் ஹெட்போனையும் வைத்துக்கொண்டு பெத்தோவனின் ஏழாவது சிம்பொனியை மிக்ஸ் செய்கிறேன். அதாவது, செய்யப் பார்க்கிறேன்.

இந்த வேலைக்கு என்ன வயது என்று தேடிப் போனால் விசித்திரமான இடத்தில் போய் நிற்கிறது: மிக்ஸிங்கே இல்லாத ஒரு பதிவில். 1951-ல் சிகாகோ ஆர்கெஸ்ட்ரா ஹாலில் குபெலிக் நடத்த, முசோர்க்ஸ்கியின் ‘கண்காட்சியில் ஓவியங்கள்’ படைப்பை மெர்க்குரி நிறுவனம் பதிவு செய்தது. முழு வாத்தியக் குழுவுக்கும் ஒரே ஒரு மைக். இன்ஜினியர் ராபர்ட் ஃபைனின் வேலை அதைத் தொங்கவிடும் இடத்தைக் கண்டுபிடிப்பதோடு முடிந்தது. ஓபோ அடங்கிக் கேட்டால் ஓபோக்காரர்தான் இன்னும் கொஞ்சம் ஊத வேண்டும். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் அன்றைய ஃபேடர், கண்டக்டரின் இடது கை.

ஸ்டீரியோ அதற்கு முன்பே பிறந்துவிட்டது. இன்ஜினியர் ஆலன் புளும்லைன் 1931-லேயே காப்புரிமைக்கு எழுதிக்கொடுத்து, 1934 ஜனவரியில் லண்டன் ஆபி ரோட்டில் பீச்சம் நடத்திய மொசார்ட்டை இரண்டு சேனலில் பிடித்தும் காட்டினார். கடைக்கு வர இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. அதைப் பார்க்க அவர் இல்லை; 1942-ல் விமான விபத்தில் போய்விட்டார்.

1954 மே மாதம் ஜெனீவாவின் விக்டோரியா ஹாலில் டெக்கா நிறுவனத்தார் ஒரு சட்டத்தில் மூன்று மைக்குகளை மாட்டி, கண்டக்டர் தலைக்கு மேலே பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில் நிறுத்தினார்கள். இடம் ஒன்று, வலம் ஒன்று, நடுவில் ஒன்று முன்னால் நீட்டிக்கொண்டு. பார்க்க மரம் மாதிரி இருந்ததால் ‘டெக்கா மரம்’ என்றே பெயர் நின்றுவிட்டது. இன்று சினிமாவுக்கு ஆர்கெஸ்ட்ரா பதிவு செய்யும் பெரிய ஸ்டூடியோக்களிலும் அந்த மரம்தான் நிற்கிறது.

டெக்காவின் சாதனை என்று எல்லோரும் சொல்வது வாக்னரின் ‘ரிங்’ ஓபரா வரிசை. ஜான் கல்ஷா தயாரிக்க, ஷோல்ட்டி நடத்த, வியன்னாவின் சோஃபியன்சாலில் 1958-ல் ஆரம்பித்து 1965-ல் முடிந்தது. முதலில் குளியல் மாளிகையாக இருந்து நடனக்கூடமான கட்டடம் அது. தரைக்கு அடியில் பழைய நீச்சல்குளத்தின் வெற்றிடம். கட்டடம் 2001-ல் எரிந்துபோனது. ‘ரிங்’கின் முதல் பாகமான ‘ரைன்கோல்ட்’டில் வாக்னர் கேட்ட பதினெட்டு பட்டறைக்கற்களையும் கல்ஷா விடாப்பிடியாகக் கொண்டுவந்து அடிக்க வைத்தார். எனக்கு அதைவிடப் பெரிய அதிசயம் வேறு. இத்தனையையும் அந்த நிமிடமே கலந்து, இரண்டே டிராக்கில் இறக்கினார்கள். தப்பினால் இன்னொரு டேக். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்ற பேச்சே கிடையாது.

அந்த ‘அப்புறம்’ ஆர்கெஸ்ட்ராவுக்குள் மெதுவாகத்தான் நுழைந்தது. மெர்க்குரி 1955-லிருந்து மூன்று மைக்கை மூன்று டிராக்கில் எடுத்தது. அதை இரண்டாக்கும் வேலை தயாரிப்பாளர் வில்மா கோஸார்ட் ஃபைனுடையது. 1990-களில் அவை சிடியாக வந்தபோது அதே மூன்று டிராக் டேப்புகளைத் தூசி தட்டி, அதே அம்மா உட்கார்ந்து மறுபடி கலந்தார். டெக்காவின் இன்னொரு கிளை நேரெதிர் வழியில் போனது: ‘ஃபேஸ் ஃபோர்’ வரிசைக்கு இருபது சேனல் மேசை, வாத்தியத்துக்கு வாத்தியம் மைக். 1964-ல் ஸ்டோகோவ்ஸ்கி அப்படிச் செய்த ‘ஷெஹரஸாட்’ என்னிடம் இருக்கிறது. ஜோராகத்தான் இருக்கும். ஆனால் எல்லா வாத்தியமும் என் மடியிலேயே உட்கார்ந்திருக்கும்.

அந்த மடிதான் என் பிரச்சினையும். நான் கலப்பது ஃபின்லாந்தில் எடுத்த பதிவு. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார், எதிரொலியே இல்லாத அறைக்குள் கலைஞர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து, கண்டக்டரின் வீடியோவைக் காட்டி வாசிக்க வைத்தார்கள். 2008-ல் அதை விவரித்துக் கட்டுரை எழுதி, பதிவுகளை ஆய்வுக்கும் படிப்புக்கும் திறந்துவிட்டார்கள். வயலினுக்கு ஒருவர்தான், கூட்டத்தை நாம் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். நான் அவரை எட்டுப் பிரதி எடுத்துப் போட்டேன். எட்டு வயலின் கேட்கவில்லை, ஒரே வயலின் சத்தமாகக் கேட்டது. ஒவ்வொன்றையும் சில மில்லி செகண்ட் முன்பின் தள்ளி, சுருதியை ஒரு மயிரிழை மாற்றிய பிறகுதான் ஆட்கள் வந்தார்கள்.

டிம்பனி முரசு இன்னும் படுத்தியது. ஃபேடரை இறக்கிப் பார்த்தேன். பக்கத்தில் நின்று மெல்லத் தட்டுகிற மாதிரி ஆயிற்று. காதருகே முணுமுணுப்பவரும் தெருமுனையில் கத்துபவரும் ஒன்றாகிவிட முடியாதே. தொலைவு என்றால் நேரொலி குறையும், கூடத்தின் எதிரொலி கூடும், உச்ச ஸ்தாயி காற்றில் கொஞ்சம் கரையும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தாமதமாக வரும். ஒலி ஒரு மில்லி செகண்டில் 34 சென்டிமீட்டர் நடக்கிறது, ஓர் அடிக்குச் சற்று மேல். டிம்பனிக்காரர் பத்து மீட்டர் பின்னால் என்றால் 29 மில்லி செகண்ட். மரத்தில் தொங்கிய அந்த மூன்று மைக்குகள் இந்தக் கணக்கையெல்லாம் கேட்காமலே போட்டுக்கொடுத்தன. நான் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நாற்காலி தூக்கிக்கொண்டு நடக்கிறேன்.

நேற்று அந்த 29-ஐப் போட்டுவிட்டு ஹெட்போனை மனைவியிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கேட்டாள்.

“அந்தக் கொட்டு அடிக்கிறவர் எங்கங்க போனாரு?”

“பின் வரிசைக்கு.”

“சரி, ஃபேனைப் போடுங்க.”