கல்முனையிலிருந்து கோமறைக் கழகம் வரை: காரியப்பர் வழக்கு

கேட் முதலியார் எம். எஸ். காரியப்பரைப் புகழ்கிற ஆக்களும் கிழக்கில் உண்டு, குறை சொல்கிற ஆக்களும் உண்டு. இரு பகுதியாருமே அதிகம் பேசாத ஒன்று, அவர் பெயரில் உள்ள வழக்கு. பழுகாமத்தில் தமிழ் படிப்பிக்கிற எனக்குச் சட்டம் தொழில் அல்ல. ஆனாலும் நம்மட சமூக வரலாற்றில் இந்த வழக்குக்கு ஓர் இடம் இருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

1959 இல் நியமிக்கப்பட்ட தலகொடப்பிட்டிய ஆணைக்குழு, அரசியல்வாதிகள் மீதான இலஞ்சப் புகார்களை விசாரித்தது. காரியப்பர் மீதான சில குற்றச்சாட்டுகள் நிரூபணமாயின என்று அது அறிக்கையிட்டது. ஆயினும் 1965 மார்ச் தேர்தலில் கல்முனை வாக்காளர் அவரையே பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அந்த வருடம் நவம்பரிலேயே 14ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன் அட்டவணையில் பெயர் குறிக்கப்பட்டவர்கள் 7 வருடங்களுக்கு வாக்களிக்கவோ போட்டியிடவோ முடியாது. உறுப்பினராக இருந்தால் ஆசனமும் போய்விடும். காரியப்பரின் ஆசனம் போயிற்று. இதற்காக எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளியாகக் காணவில்லை.

தன்னை உறுப்பினராக ஏற்றுச் சம்பளம் கொடுக்கும்படி பிரதிநிதிகள் சபை எழுத்தருக்குக் கட்டளையிடக் கோரி அவர் வழக்கு வைத்தார். அதுதான் 'காரியப்பர் எதிர் விஜேசிங்க'. உயர் நீதிமன்றத்தில் தோற்றபின் இலண்டன் கோமறைக் கழகம், அதாவது பிரிவிக் கவுன்சில் வரை போனார்.

அங்கே அவர் தரப்பு வாதம் அமெரிக்க அரசியலமைப்பைத் தொட்டது. பெயர் சொல்லி ஒருவரைச் சட்டமன்றமே தண்டிக்கும் சட்டத்தை அந்த யாப்பின் முதலாம் உறுப்புரை தடுக்கிறது. கம்யூனிஸ்ட் கட்சியினர் தொழிற்சங்கப் பதவி வகிப்பதைக் குற்றமாக்கிய சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தத் தடையை வைத்தே 1965 ஜூனில் செல்லாததாக்கியது. நம் நாட்டிலும் முன்மாதிரி இருந்தது. 1962 இராணுவச் சதி வழக்குக்காகவே ஆக்கப்பட்ட சட்டத்தை, நீதித்துறையின் அதிகாரத்தில் தலையிடுகிறது என்று 1965 டிசம்பரில் கோமறைக் கழகமே வெட்டியிருந்தது.

ஆனால் 1967 இல் காரியப்பர் தோற்றார். தீர்ப்பை எழுதியவர் அவுஸ்திரேலிய நீதியரசர் சேர் டக்ளஸ் மென்சிஸ். அவர் சொன்ன காரணங்கள் இரண்டு. ஒன்று, இந்தச் சட்டம் யாரையும் குற்றவாளி என்று தீர்க்கவில்லை. ஆணைக்குழு கண்டதை வைத்துப் பொதுவாழ்வைத் தூய்மையாக வைக்கப் பார்க்கிறது. ஆகவே இது தண்டனை அல்ல. மற்றது, மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடும் சபாநாயகரின் சான்றோடும் நிறைவேறியதால், யாப்போடு முரண்பட்டாலும் யாப்பைத் திருத்திய சட்டமாகவே அது நிற்கும். சதி வழக்குச் சட்டத்துக்கு அந்தச் சான்று இருக்கவில்லை.

இலஞ்சம் வாங்கினவர் மன்றத்தில் இருக்கக் கூடாது என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. என் கேள்வி வேறு. ஆசனமும் வாக்கும் பறிபோன ஒரு மனிதரிடம் "இது தண்டனை அல்ல" என்று சொன்னால் அவருக்கு அது விளங்குமா? ஆணைக்குழு உண்மையைத் தேடலாம். ஆனால் தண்டனையின் பாரம் உள்ள எதையும் தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றம். எதிராளியின் கதிரையைக் காலியாக்க எண்ணுகிற பெரும்பான்மையிடம் அந்தத் தராசைக் கொடுக்கலாமா?

இந்தக் கதை கல்முனையோடு முடியவுமில்லை. 1978 யாப்பின் 81ஆம் உறுப்புரை இந்த வழியை யாப்புக்குள்ளேயே கொண்டுவந்தது. 1980 ஒக்டோபரில் முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகள் அந்த வழியிலேதான் 7 வருடங்களுக்குப் பறிக்கப்பட்டன. சிறுபான்மைத் தொகுதி ஒன்றின் உறுப்பினருக்கு முதலில் பொருந்திய அளவுகோல், பிறகு நாட்டின் பெரிய தலைவிக்கும் பொருந்திற்று.

காரியப்பர் நல்லவரா கெட்டவரா என்று திண்ணையில் இன்னும் வாதாடலாம். நம்மட வரலாற்றை எழுத வருகிற இளையவர்களோ சட்ட அறிக்கைகளையும் எடுத்துப் புரட்ட வேண்டும். ஒரு மனிதரைப் பற்றிய அபிப்பிராயம் வேறு, அவருக்குக் கிடைக்க வேண்டிய நீதி வேறு என்ற பாடம் அங்கேதான் இருக்கிறது.