கணக்குப் புதிர்களும் தமிழ்ப்பள்ளிகளும்

புதிர் என்பது இருவருக்கு இடையே நிகழ்வது. தொடுப்பவர் ஒருவர், விடுப்பவர் ஒருவர். இதனை நம் முன்னோர் இலக்கியத்தின் ஒரு வகையாகவே கொண்டனர். தொல்காப்பியச் செய்யுளியல் பாட்டு, உரை, நூல் முதலிய எழுவகை யாப்பைக் கூறுமிடத்து, பிசி என்பதனையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. இன்று விடுகதை என நாம் வழங்குவதன் பழம்பெயர் அது. இவ்வுரையில், அம்மரபின் ஒரு கிளையாகிய கணக்குப் புதிர் கடந்து வந்த வழியையும், கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு அதனால் ஆவது யாது என்பதனையும் காண்போம்.

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடியை உரக்கச் சொல்லி மனனம் செய்தனர். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, காணி என்றால் 80இல் ஒரு பங்கு, மா என்றால் 20இல் ஒரு பங்கு. இவ்வாறு ஒவ்வொரு சிற்றெண்ணுக்கும் தனிப்பெயர் இருந்தது. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் நிலம், பொன், நெல் முதலியவற்றின் கணக்குகளைச் செய்யுளில் தந்தது. பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ணுவதற்கு அந்நூல் கூறும் வழி பலரும் அறிந்தது. காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முள் 100 என்றால் சுளை 120. இது எவ்வளவு பொருந்துகிறது என்பதை மாணவர்கள் ஒரு பழத்தை வைத்துத் தாங்களே சோதிக்கலாம். பலா நம் நாட்டிலும் எளிதில் கிடைப்பதுதானே.

வாய்வழியாக வழங்கும் புறாக் கணக்கை எடுத்துக்கொள்வோம். பறந்து செல்லும் புறாக்களைக் கண்ட பருந்து, நீங்கள் நூறு பேரோ என்று வினவுகிறது. நாங்களும், எங்களைப் போல் இன்னொரு மடங்கும், எங்களில் பாதியும், அப்பாதியில் பாதியும், உம்மையும் சேர்த்தால்தான் நூறு என்று புறாக்கள் விடையிறுக்கின்றன. பருந்தை நீக்கினால் 99. ஒன்று, ஒன்று, அரை, கால் எனக் கூட்டினால் இரண்டே முக்கால் மடங்கு. இரண்டே முக்கால் என்பது பதினொரு கால். 99ஐப் பதினொன்றால் வகுத்தால் ஒரு கால் பங்கு 9; ஆகவே நான்கு கால் சேர்ந்த முழுப்பங்கு 36. குறியீட்டியல் கணிதம் கல்லாத பிள்ளையும் இதனை மனத்திலேயே தீர்க்க முடியும். அதற்குத் துணையாவது கால், அரை, முக்கால் என்னும் சொற்களே.

இக்கணக்கு தமிழருக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவில் எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்குயின் என்னும் அறிஞர் பெயரால் வழங்கும் இலத்தீன் தொகுப்பில், பறவைகளுக்கு மாறாக மனிதர்களை வைத்து இதே கணக்கு உள்ளது, விடையும் 36தான். புலி, ஆடு, புல்லுக்கட்டு ஆகிய மூன்றையும் ஆற்றைக் கடத்தும் நம் புதிர், அத்தொகுப்பில் ஓநாய், ஆடு, முட்டைக்கோசு என்று இருக்கிறது. புதிர் மொழிகளைக் கடந்து செல்லும். சென்ற இடத்துச் சொல்லையும் விலங்கையும் தனதாக்கிக்கொள்ளும்.

நம் மக்களும் அவ்வாறே கடல் கடந்தனர். 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளான் பகுதியையும் இணைக்கும் இரயில் பாதை திறக்கப்பட்டது. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இரயில்வேத் தொழிலாளரும் எழுத்தரும் குடியேறினர். கிள்ளானைச் சூழ்ந்த இரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் லயன் வீடுகளில் வாழ்ந்தனர். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டுமென விதித்தது. வசதி குறைந்த அப்பள்ளிகளில் வாய்பாடும் மனக்கணக்கும் தமிழிலேயே ஒலித்தன.

அவ்வொலி இடையில் ஒருமுறை தடைப்பட்டதை நாம் மறத்தல் ஆகாது. 2003 முதல் நாட்டின் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன; தமிழ்ப்பள்ளிகளும் இதற்கு விலக்கல்ல. 2009 ஜூலையில் அரசு அக்கொள்கையைக் கைவிடுவதாக அறிவித்தது. பின்னர்ப் படிப்படியாகக் கணிதம் தமிழுக்கு மீண்டது. 2016இல் இருமொழித் திட்டம் வந்தபோது அதே வினா மறுபடியும் எழுந்தது. ஆங்கிலம் வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் இரண்டே முக்கால் என்பது பதினொரு கால் என்று உடனே உணரும் பிள்ளை, அச்சொற்களைக் கணக்கில் வைத்துப் புழங்கிய பிள்ளையே ஆவான். வகுப்பில் புழங்காத சொல் வீட்டிலும் நெடுநாள் நிலைப்பதில்லை.

ஆகவே, பாடநூலுக்கு வெளியேயும் கணக்கைத் தமிழில் பேச வேண்டும். அதற்குப் புதிரினும் எளிய வாயில் இல்லை. ஒரு சான்று காட்டுவோம். ஒருவரிடம் ஒன்பது பசுக்கள். முதற்பசு ஒரு படி, இரண்டாவது இரண்டு படி, இவ்வாறே ஒன்பதாவது ஒன்பது படி பால் தரும். பசுவும் பாலும் சமமாக அமையும்படி மூன்று மக்களுக்குப் பங்கிட வேண்டும். மொத்தப் பால் 45 படி, ஒருவருக்கு 15. ஒன்பதாம் பசுவோடு எட்டையோ ஏழையோ சேர்த்தால் 15ஐ மிஞ்சும். எட்டும் ஏழும் சேர்ந்தால் மூன்றாம் பசுவுக்கு இடமிராது. எனவே அம்மூன்றும் தனித்தனியே பிரியும். எஞ்சியவற்றை நிரப்பினால் இரண்டே விடைகள் கிடைக்கும். ஒன்று: 9, 5, 1, 8, 4, 3, 7, 6, 2. மற்றொன்று: 9, 4, 2, 8, 6, 1, 7, 5, 3.

வகுப்பில் இரு மாணவர்கள் இவ்விரு விடைகளோடு வந்தால், எது சரி என்று பூசல் எழும். ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல வேண்டா. ஒருவர் விடையை நிரைகளாகவும் மற்றவர் விடையை நிரல்களாகவும் அடுக்கச் செய்தால் போதும். 8, 1, 6. அதன் கீழ் 3, 5, 7. அதன் கீழ் 4, 9, 2. குறுக்கிலும் நெடுக்கிலும் மூலைக்கு மூலையும் கூட்டுத்தொகை 15 ஆகும் மாயச்சதுரம் இது. சீனர் இதனை லோ சூ எனப் போற்றுவர். பிரிக்பீல்ட்ஸில் நம் அண்டை வீட்டாராகிய சீனரின் மரபும் நம் பசுக் கணக்கும் ஒரே கட்டத்தில் வந்து பொருந்துகின்றன. தனியே முயன்றவர் கையில் ஒரு விடைதான் இருந்தது. இருவரும் பகிர்ந்தபோதுதான் சதுரம் தோன்றியது.

ஆசிரியர்களுக்கு நம் வேண்டுகோள் இரண்டு. கிழமைக்கு ஒரு புதிரைத் தமிழில் தொடுங்கள். விடையைக் காட்டிலும் விடை கண்ட வழியை மாணவர் வாயால் சொல்லக் கேளுங்கள். மாணவர்களுக்கு ஒன்று. வீட்டு மூத்தோரிடம் அவர்கள் அறிந்த கணக்குப் புதிர்களைக் கேட்டு எழுதி வாருங்கள். அவர்கள் மறக்குமுன் கேட்டுவிட வேண்டும்.